நிகழ்த்துக் கவிதையும் இளைஞரின் அரசியல் பங்கேற்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளைஞர் மன்றங்களிலும் கல்வி நிலையங்களிலும் நூலகங்களிலும் கவிதை நிகழ்ச்சிகளை நடத்துவோருக்காகவும், நடத்த எண்ணுவோருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டது. பயிலரங்குகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்கு நீண்ட விடை தேவைப்பட்டது. சிலவற்றுக்கு நான்கு வரி போதுமானதாக இருந்தது.

நிகழ்த்துக் கவிதை என்று எதைச் சொல்கிறோம்?

எழுதியவரே அவையின் முன் நின்று, தம் குரலாலும் உடலாலும் நிறைவு செய்கிற கவிதையை அப்படிச் சொல்கிறோம். அச்சிட்ட கவிதையைப் படிப்பவர் புரியாத வரிக்குத் திரும்பிச் செல்லலாம். அவையில் அமர்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருவதும், மோனையும் எதுகையும் காதைப் பிடித்து இழுப்பதும், மூச்சு முடிகிற இடத்தில் வரி முடிவதும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு கணம் நிறுத்துவதும் கேட்பவர் நினைவில் கவிதையைத் தங்கவைக்கும் வழிகளாகின்றன.

எழுத்து தோன்றுவதற்கு முன்பிருந்தே கவிதை இவ்வாறுதான் வாழ்ந்து வந்தது என்பதால் இதைப் புதுமை என்று சொல்ல முடியாது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது அரசியல் குரலாக மீண்டும் எழுந்தது. 1968-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உருவான 'லாஸ்ட் போயட்ஸ்' குழு, 1970களில் ஜமைக்காவிலும் லண்டனிலும் ரெகே இசையின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த 'டப்' கவிதை, நிறவெறி ஆட்சிக் காலத்துத் தென்னாப்பிரிக்காவில் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் கவிதை சொல்லி 'மக்கள் கவிஞர்' என்று பெயர் பெற்ற ம்ஸ்வாக்கே ம்புலி ஆகியோரை இந்த வரிசையில் வைக்கலாம்.

'ஸ்லாம்' என்பதும் இதுவும் ஒன்றா?

ஸ்லாம் என்பது நிகழ்த்துக் கவிதையின் போட்டி வடிவம். சிகாகோவில் கட்டுமானத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் 1986-இல் 'கிரீன் மில்' என்ற மதுக்கூடத்தில் இதைத் தொடங்கினார். பரவலாகப் பின்பற்றப்படும் விதிகள் எளியவை. கவிதை சொந்தமாக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். 3 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இசைக்கருவி, வேடம், கைப்பொருள் எதுவும் கூடாது. அவையிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படும் 5 நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள்; மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மீதி மூன்றையும் கூட்டுவார்கள். நடுவருக்குக் கவிதையில் புலமை இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கவிதையின் தகுதியைப் புலவர் அவை தீர்மானிக்கும் என்ற எண்ணத்தைக் கேலி செய்வதற்காகவே அமைக்கப்பட்ட ஏற்பாடு இது.

இளைஞர்களுக்கான கிளை சற்றுப் பின்னர் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1996-இல் 'யூத் ஸ்பீக்ஸ்' அமைப்பு தொடங்கப்பட்டது; அது 1998 முதல் 'பிரேவ் நியூ வாய்சஸ்' என்ற இளையோர் கவிதை விழாவை நடத்தி வந்தது. சிகாகோவில் 2001-இல் 'லவுடர் தேன் எ பாம்' என்ற இளையோர் போட்டி தொடங்கியது. நம் பொருளுக்கு நெருக்கமானது இந்தக் கிளையே.

கவிதைக்கும் அரசியல் பங்கேற்புக்கும் என்ன தொடர்பு?

அரசியல் பங்கேற்பு என்றவுடன் வாக்குச்சாவடி மட்டும் நினைவுக்கு வருமானால் இந்தத் தொடர்பு விளங்காது. அமெரிக்க ஆய்வாளர்களான கேத்தி கோஹனும் ஜோசப் கானும் 15 முதல் 25 வயது வரையிலான சுமார் 3,000 பேரிடம் நடத்திய ஆய்வை 2012-இல் வெளியிட்டபோது, கட்சிகளையும் நிறுவனங்களையும் சாராமல் சம வயதினரிடையே நடக்கும் செயல்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பொதுப் பிரச்சினைகளில் குரலையும் செல்வாக்கையும் செலுத்த முயலும் செயல்கள் அனைத்தையும் 'பங்கேற்பு அரசியல்' என்று வரையறுத்தனர். குரல், செல்வாக்கு என்ற இவ்விரு சொற்களும் இப்பக்கம் முழுவதும் நமக்குத் துணையாக வரும்.

குரல் என்ற முதல் பாதியை மேடை நன்றாகவே கற்பிக்கிறது. தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று ஒருவர் எண்ணிக்கொண்டிருந்த அவமானத்தை அவையில் சொல்லும்போது, 'எனக்கும் அப்படித்தான்' என்று பின்வரிசையிலிருந்து ஒரு தலை அசைகிறது. தனிக்குறை பொதுப் பிரச்சினையாக மாறுவது அந்த நொடியில்தான். அறிமுகமில்லாதவர்கள் முன்னால் நின்று 3 நிமிடம் தடுமாறாமல் பேசிப் பழகியவருக்கு, பின்னாளில் உள்ளாட்சிக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்பது அவ்வளவு கடினமாக இராது. இவற்றைவிட முக்கியமானதும் பலர் கவனிக்கத் தவறுவதுமான ஒன்று உண்டு. மேடையில் 3 நிமிடம் நிற்பவர் மீதி இரண்டு மணி நேரம் கீழே அமர்ந்து, தமக்கு உடன்பாடில்லாத கவிதைகளையும் குறுக்கிடாமல் கேட்கிறார். அரசியலுக்கு இன்றியமையாத இந்தப் பயிற்சியைத் தரும் இடங்கள் மிகக் குறைவு.

செல்வாக்கு என்ற இரண்டாம் பாதி மேடையிலிருந்து தானாக வந்துவிடுவதில்லை. நாடாளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலக நாடாளுமன்ற உறுப்பினர்களில் 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் 2.8 சதவீதம் மட்டுமே. உலக மக்கள்தொகையிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் 30 வயதுக்குக் குறைந்தவர்கள். கைதட்டலால் இந்த இடைவெளி குறையப்போவதில்லை. மேடையிலிருந்து முடிவெடுக்கும் இடத்துக்குச் செல்லும் பாதையை நிகழ்ச்சி நடத்துபவர்தான் வேலையாக எடுத்துக்கொண்டு போட வேண்டும். அதைச் செய்யாத நிகழ்ச்சிகள் நல்ல கவிதை நிகழ்ச்சிகளாக இருக்கலாம். அரசியல் பங்கேற்பை வளர்த்தன என்று சொல்லிக்கொள்ள அவற்றுக்கு உரிமையில்லை என்பதே என் கருத்து.

கவிதை கேட்டவர்கள் உண்மையிலேயே வாக்களிக்கச் செல்வார்களா?

கவிதை ஒன்றால் மட்டும் செல்வார்கள் என்று வாக்குறுதி தர முடியாது. ஆனால் மக்களை வாக்களிக்கச் செய்வது எது என்பது குறித்து நல்ல சோதனைகள் நடந்துள்ளன. அவற்றிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998 தேர்தலின்போது அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் நடத்திய கள ஆய்வில், வீட்டு வாசலுக்கு வந்து நேரில் பேசியது வாக்குப்பதிவைக் கணிசமாக உயர்த்தியது. அஞ்சலில் வந்த கடிதங்கள் சிறிதளவே உதவின. தொலைபேசி அழைப்புகளால் பலன் தெரியவில்லை. ஒருமுறை வாக்களித்தவர் அடுத்த முறையும் வாக்களிக்கக்கூடும் என்பதை அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. டேவிட் நிக்கர்சனும் டாட் ராஜர்ஸும் 2008-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் நடத்திய மற்றொரு சோதனையில், 'எத்தனை மணிக்குச் செல்வீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்' என்று கேட்டு மக்களைத் திட்டமிட வைத்தது, வெறும் ஊக்குவிப்பைவிட அதிகப் பலன் தந்தது.

இவை கவிதையைப் பற்றிய ஆய்வுகள் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயினும் நேரில் பேசப்படும் சொல்லுக்கு வலிமை உண்டு, அது திட்டத்தோடு சேரும்போது இன்னும் வலிமை பெறுகிறது என்ற இரண்டும் நமக்கு நேரடியாகப் பயன்படும். எனவே கடைசிக் கவிதை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு அனைவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவமும் அதை நிரப்பத் தெரிந்த ஒருவரும் அதே கூடத்தில், வாசலை ஒட்டி ஒரு மேசையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று கேள்விகளை அந்த மேசையில் கேட்கலாம்.

கவிதை ஏதேனும் மாற்றத்துக்குத் துணை நின்றதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு. ஆனால் எங்கும் அது தனியாக நின்று வென்றதில்லை. அதைச் சுற்றி ஓர் இயக்கம் இருந்தது. ஜமைக்காவில் பிறந்து 1963-இல் சிறுவனாக லண்டனுக்கு வந்த லிண்டன் க்வேசி ஜான்சன், 1970களின் இறுதியில் எழுதி நிகழ்த்திய ஒரு கவிதை, சிறையிலிருந்து மகன் தாய்க்கு எழுதும் கடிதமாக அமைந்தது. சந்தேகத்தின் பேரில் எவரையும் பிடித்துச் செல்லக் காவல்துறைக்கு இடம் தந்த 1824-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு, கறுப்பின இளைஞர்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டதை அக்கவிதை பேசியது. அச்சட்டப் பிரிவுக்கு எதிராகப் பெற்றோரும் வழக்கறிஞர்களும் இளைஞர்களும் ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போராட்டத்தின் குரல்களுள் ஒன்றாகக் கவிதை சேர்ந்துகொண்டது. 1981-இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. கவிதைதான் நீக்கியது என்று எவரும் சொல்லவில்லை, ஜான்சனும் சொல்லியிருக்க மாட்டார்.

செனகல் நாட்டில் ராப் கலைஞர்களும் ஒரு பத்திரிகையாளரும் சேர்ந்து 2011 ஜனவரியில் தொடங்கிய 'யானா மார்' இயக்கம் இன்னும் தெளிவான சான்று. 'பொறுத்தது போதும்' என்ற பொருளுடைய பெயர் அது. ராப், நிகழ்த்துக் கவிதைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். இவர்கள் பாட்டோடு நிற்காமல், வாக்காளர் அட்டையே இளைஞரின் ஆயுதம் என்ற முழக்கத்துடன் தெருத்தெருவாகச் சென்று பெயர் பதியச் செய்தார்கள். 2012 தேர்தலின் இரண்டாம் சுற்றில், மூன்றாம் பதவிக்காலத்துக்காகப் போட்டியிட்ட குடியரசுத் தலைவர் அப்துலாயே வாட் தோற்றார். எதிர்க்கட்சிகளும் பிற அமைப்புகளும் அதில் பங்காற்றின என்றாலும், மேடையையும் படிவத்தையும் ஒரே கையில் பிடித்த முறையை இங்கிருந்து கற்கலாம்.

மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த கேத்தி ஜெட்னில்-கிஜினர் 2014 செப்டம்பரில் ஐ.நா. காலநிலை உச்சி மாநாட்டின் தொடக்கத்தில் தம் கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல் அமைந்த கவிதையை நிகழ்த்தியபோது அவை எழுந்து நின்று கைதட்டியது. நாட்டுத் தலைவர்கள் கூடிய அரங்கில் ஓர் இளம்பெண்ணின் கவிதை ஒலித்தது பெரிய செய்திதான். கைதட்டியவர்கள் தத்தம் நாட்டுக்குத் திரும்பிச் சென்று என்ன செய்தார்கள் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதும் பயிலரங்கின் பாடத்தில் அடங்கும்.

இது மறைமுகக் கட்சிப் பிரசாரமாக மாறிவிடாதா?

மாறலாம். எனவே எல்லையை முன்கூட்டியே எழுதி அறிவித்துவிடுவது நல்லது. நிகழ்ச்சியை நடத்தும் அமைப்பு எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதரவு கேட்கக் கூடாது. மேடையேறும் இளைஞர் தம் கருத்தைச் சொல்லலாம். இந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்கள் தேர்தலில் வேட்பாளரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் 1954 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. சார்பற்ற முறையில் வாக்காளர் பதிவை ஊக்குவிப்பது அங்கே அனுமதிக்கப்படுகிறது. வேறு பல நாடுகளிலும் இதையொத்த விதிகள் இருப்பதால், உங்கள் நாட்டு விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டத்துக்கு அப்பால் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பயிலரங்கின் முடிவில் எல்லாக் கவிதைகளும் நடத்துபவரின் கருத்தையே எதிரொலித்தால், அங்கே கவிதை எழுதப்படவில்லை, சொல்வதை எழுதும் பயிற்சிதான் நடந்திருக்கிறது.

பயிலரங்கை எவ்வாறு நடத்துவது?

15 பேருக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். வாரம் ஒருமுறையாக ஆறு அமர்வுகள் இருந்தால் நல்லது. முதல் அமர்விலேயே 'ஜனநாயகம்' பற்றியோ 'இளைஞர் சக்தி' பற்றியோ எழுதச் சொன்னால், பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு வந்தவற்றைப் போன்ற வரிகளே கிடைக்கும். பெரிய சொல்லைக் கொடுத்தால் பெரிய சொல்தான் திரும்ப வரும். மாறாக, 'இந்த வாரம் நீங்கள் எதற்காகக் காத்திருந்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் வராத பேருந்தைச் சொல்வார். ஒருவர் மருத்துவமனை வரிசையைச் சொல்வார். ஒருவர் தேர்வு முடிவைச் சொல்வார். காத்திருந்தபோது கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, கையில் இருந்தது ஆகியவற்றை மட்டும் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். கருத்து எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் அமர்வில் அதே தாளின் கீழே ஒரு கேள்வி எழுதப்படும்: இதை யார் முடிவு செய்தார்கள்? பேருந்து தாமதமாக வருகிறது என்றால், அந்தத் தடத்தில் எத்தனை பேருந்துகள் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? ஓட்டுநரா, மேலாளரா, போக்குவரத்துத் துறையா, வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றும் அவையா? பங்கேற்பாளர்கள் இதைத் தேடிக் கண்டுபிடித்து வர வேண்டும். பெரும்பாலும் அவர்கள் வெறுங்கையோடு திரும்பி வருவார்கள். ஏனெனில் விடை எங்கும் எளிதாகக் கிடைக்காது. அந்தத் தேடலும் ஏமாற்றமுமே கவிதையின் இரண்டாம் பகுதியாகிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். யாரையும் பெயர் சொல்லாமல் 'அரசியல்வாதிகள் எல்லாரும் இப்படித்தான்' என்று திட்டும் கவிதை அவையில் எளிதாகக் கைதட்டல் வாங்கும். குறிப்பிட்ட ஒரு பொறுப்பை நோக்கிக் குறிப்பிட்ட ஒரு கேள்வியைக் கேட்கும் கவிதை எழுதக் கடினமானது, ஆனால் எழுதியவரிடம் அடுத்த செயலுக்கான முகவரி இருக்கும்.

மூன்றாம், நான்காம் அமர்வுகளில் திருத்தம். எழுதியதை மற்றொருவர் உரக்கப் படிக்க எழுதியவர் கேட்பதைவிடச் சிறந்த திருத்தமுறையை நான் அறியேன். நாக்கு தடுக்கும் இடம், மூச்சு போதாத வரி, கேட்பவர் முகம் வெறுமையாகும் பத்தி எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஐந்தாம் அமர்வில் மைக்கின் முன் நிற்கப் பயிற்சி. ஆறாவதில் பொது நிகழ்ச்சி. அந்த நிகழ்ச்சிக்கு, இரண்டாம் அமர்வில் கண்டுபிடிக்கப்பட்ட பொறுப்பாளர்களில் ஒருவரையாவது அழையுங்கள். அவரை மேடையில் உட்கார வைக்காமல் அவையில் உட்கார வையுங்கள். இறுதியில் பத்து நிமிடம் அவர் பதில் சொல்லட்டும்.

எழுத்து வழக்கிலா, பேச்சு வழக்கிலா எழுதச் சொல்வது?

முதல் வரைவு எந்த வழக்கில் வருகிறதோ அந்த வழக்கிலேயே வரட்டும். எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் தூரம் அதிகமுள்ள மொழிகளில், தமிழும் அவற்றில் ஒன்று, பிழை விடுவோமோ என்ற அச்சமே பலரை வாய் திறக்கவிடாமல் செய்கிறது. 'சரியான மொழியில் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் அரசியல்' என்ற பாடத்தைப் பள்ளியிலேயே அவர்கள் கற்றுவிட்டிருப்பார்கள். ஜமைக்காவின் லூயிஸ் பென்னட், ஆங்கிலம் மட்டுமே மதிக்கப்பட்ட காலத்தில், தம் மக்களின் பேச்சுமொழியிலேயே கவிதை எழுதி நிகழ்த்தியதை இங்கே நினைவுகூரலாம். பின்வந்த டப் கவிஞர்கள் நடந்தது அவர் போட்ட பாதையில்தான்.

அதற்காக எழுத்து வழக்கைத் தீட்டாக நினைக்க வேண்டியதில்லை. அம்மாவின் பேச்சு ஒரு வழக்கிலும், அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் மற்றொரு வழக்கிலும் ஒரே கவிதைக்குள் மோதிக்கொள்ளும்போது, அதிகாரம் எந்த மொழியில் பேசுகிறது என்பதை விளக்கவுரை இல்லாமலே அவை புரிந்துகொள்ளும். கேளாதோர் பங்கேற்றால் சைகை மொழிக் கவிதைக்கும் அதே நேரமும் அதே இடமும் தர வேண்டும். அது குரல் கவிதையின் மொழிபெயர்ப்பன்று, தனக்கே உரிய ஓசையற்ற சந்தம் கொண்ட தனிக்கலை.

போட்டியாக நடத்துவது நல்லதா?

போட்டி கூட்டத்தைச் சேர்க்கும், திருத்தி எழுதும் உழைப்பையும் வரவழைக்கும். மறுபக்கத்தில், எந்தக் கவிதைக்கு மதிப்பெண் விழுகிறது என்று கவனித்து, இரண்டாம் ஆண்டில் எல்லாரும் ஒரே ஏற்ற இறக்கத்தில், ஒரே இடத்தில் குரலுடைந்து பேசத் தொடங்கிவிடுவார்கள். புதியவர்கள் அதிகமிருந்தால் மதிப்பெண் இல்லாத திறந்த மேடையையே பரிந்துரைப்பேன். போட்டி வைப்பதானால், குழுவாக எழுதி நிகழ்த்தும் பிரிவு ஒன்றும் இருக்கட்டும். நான்கு பேர் ஒரு வரிக்காகச் சண்டையிட்டு உடன்பாட்டுக்கு வருவதைப் பார்த்தால், சட்டமன்றக் குழுக் கூட்டத்தைச் சிறிய அளவில் பார்த்ததுபோல் இருக்கும்.

சொந்த வலியை எழுத விரும்புவோரை என்ன செய்வது?

தடுக்கக் கூடாது, தூண்டவும் கூடாது. வன்முறை, இழப்பு, ஒடுக்குமுறை பற்றிய கவிதைகளுக்கு அவை அதிகம் உருகுவதால், யாருடைய துயரம் பெரியது என்ற கொடிய போட்டி மெல்ல உருவாகிவிடுகிறது. கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொன்னவர் இரவெல்லாம் விழித்திருப்பார். எனவே 'இதைச் சொன்ன பிறகு நாளைக் காலை எப்படி இருப்பீர்கள்?' என்று தனியாகக் கேளுங்கள். விடையில் தயக்கம் தெரிந்தால் கவிதை குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். மேடைக்கு வருமுன் எந்த நிமிடத்திலும் பின்வாங்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும், பின்வாங்கினால் எவரும் காரணம் கேட்க மாட்டார்கள் என்பதையும் அனைவர் முன்னிலையிலும் அறிவித்துவிடுங்கள். உளநல ஆலோசகர் ஒருவரின் தொடர்பு ஏற்பாடு செய்யப்பட்டிருக்க வேண்டும். சிறாரோடு தனியறையில் பெரியவர் எவரும் தனித்து அமர்ந்து 'திருத்தம்' செய்யக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது. அந்த உரையாடல்கள் மற்றவர் கண்ணில் படும் இடத்திலேயே நடக்கட்டும்.

மேடை அச்சம் உள்ளவர்களுக்கு?

தாளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இருவராகச் சேர்ந்து சொல்லலாம். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்துவிட்டு அருகில் நிற்கலாம். எழுதுவதோடு நிறுத்திக்கொண்டு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவதையோ, மேசையில் படிவம் நிரப்பித் தருவதையோ விரும்பிச் செய்பவர்களும் உண்டு. அவர்களையும் பங்கேற்றவர்களாகவே எண்ண வேண்டும்.

அரசு விழாவின் தொடக்கத்தில் கவிதை சொல்ல எங்கள் குழுவை அழைக்கிறார்கள். ஏற்கலாமா?

ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில், சிறார் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழுள்ள மூன்று படிகளை, அதாவது பெரியவர்கள் தங்கள் நோக்கத்துக்குச் சிறாரைப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்கு இடம் தருவது ஆகியவற்றை, அவர் பங்கேற்பாகவே ஏற்கவில்லை. விழாவின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கவிதை, பிறகு 'அருமை, அருமை' என்று பாராட்டு, அதன்பின் இளைஞர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் மட்டும் கூடிப் பேசும் கூட்டம் என்ற நிகழ்ச்சி நிரல் அந்த இரண்டாம் படிக்குப் பொருத்தமான படம். நானும் இப்படிப்பட்ட அழைப்புகளை மகிழ்ச்சியோடு ஏற்றுக் குழுக்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். திரும்பும் வழியில் ஒரு பெண், 'நம்மை எதற்குக் கூப்பிட்டார்கள்?' என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

இப்போது அழைப்பவரிடம் மூன்று நிபந்தனைகளை முன்வைக்கிறேன். கவிதையின் சொற்களை முன்கூட்டியே வாங்கித் திருத்தக் கூடாது. கவிதை சொன்னவர்கள் விவாதத்திலும் அமர்ந்து பேச இடம் வேண்டும். அவர்கள் எழுப்பிய கேள்விக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். முதல் நிபந்தனையைக் கேட்டவுடனேயே பல அழைப்புகள் காணாமல் போய்விடுகின்றன.

கவிதைக்காகச் சட்டச் சிக்கல் வருமா? காணொளியை வெளியிடலாமா?

வந்திருக்கிறது. கத்தார் நாட்டைச் சேர்ந்த முகமது அல்-அஜமி, கெய்ரோவில் மாணவராக இருந்தபோது ஒரு வீட்டில் சிலர் முன் சொன்ன கவிதை பதிவு செய்யப்பட்டு இணையத்தில் ஏற்றப்பட்டது. 2011-இல் கைது செய்யப்பட்ட அவருக்கு 2012-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அது 15 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டு, 2016-இல் மன்னிப்பில் விடுதலையானார். உகாண்டாவில் ஸ்டெல்லா நியான்சி, குடியரசுத் தலைவரைப் பற்றி முகநூலில் எழுதிய கவிதைக்காக 2019-இல் 18 மாதத் தண்டனை பெற்று, 2020-இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்.

ஒரு கூடத்தில் சொல்லப்பட்டது அந்தக் கூடத்தோடு முடியும் என்று இன்று எவரும் நம்ப முடியாது. எனவே காணொளி எடுப்பதற்கான ஒப்புதலும் வெளியிடுவதற்கான ஒப்புதலும் தனித்தனியாகப் பெறப்பட வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு அவருடைய ஒப்புதலும் வேண்டும். நிகழ்ச்சி முடிந்த உற்சாகத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். பின்னாளில் நீக்கச் சொன்னால் நீக்கிவிட வேண்டும். கவிதை என்பதாலேயே அவதூறுச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியாது என்பதால், தனிமனிதர் மீது குற்றம் சுமத்தும் வரிகளை மட்டும் சட்டம் அறிந்தவரிடம் காட்டுவது முறையே. எந்த அளவு ஆபத்தை ஏற்பது என்பதைக் கவிதை எழுதியவர் தீர்மானிக்கட்டும். அவருக்கு உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடுவது உங்கள் கடமை.

பலனை எவ்வாறு அளப்பது?

வந்தவர் எண்ணிக்கை, கைதட்டல், காணொளியைப் பார்த்தவர் எண்ணிக்கை ஆகியவை நிதி வழங்குவோருக்கு எழுதும் அறிக்கைக்கு உதவும். தொடக்கத்திலும் மூன்று மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது மேல்: வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளதா, ஏதேனும் பொதுக்கூட்டத்துக்குச் சென்றீர்களா, மனு எழுதினீர்களா, உங்கள் பகுதியின் உறுப்பினர் யார் என்று தெரியுமா? இதிலும் ஒரு பொறி உண்டு. கவிதைப் பயிலரங்குக்குத் தாமாக வருபவர்கள் ஏற்கெனவே பொதுக் காரியங்களில் ஆர்வம் உள்ளவர்களாக இருக்கக்கூடும். அவர்கள் ஓராண்டில் செய்தவை அனைத்தையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையாகாது. இடம் போதாமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

வாக்குரிமை வயது வராதவர்களுக்கு இதனால் என்ன பயன்?

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைச் சிறாருக்கு 1989-இலேயே உறுதி செய்துவிட்டது. வாக்குரிமை வயதும் எல்லா நாடுகளிலும் 18 என்றில்லை. ஆஸ்திரியா 2007-இல் அதை 16 ஆகக் குறைத்தது, பிரேசிலில் 1988 அரசியலமைப்பின்படி 16 வயதிலேயே விரும்பினால் வாக்களிக்கலாம். பள்ளி, நூலகம், விளையாட்டுத் திடல், போக்குவரத்து பற்றிய முடிவுகளால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் வாக்கில்லாத இவர்களே என்பதால், கவிதையின் முகவரியும் அங்கேயே தொடங்கலாம்.

'நான் வாக்களிக்கப் போவதில்லை' என்று ஒருவர் கவிதை எழுதினால்?

மேடையேற்றுங்கள். அப்படி ஒரு கவிதை ஒரு பயிலரங்கில் வந்தபோது, நிகழ்ச்சியின் நோக்கத்துக்கு எதிரானது என்று அதை நீக்கிவிடுமாறு உடன் நடத்தியவர் சொன்னார். நீக்கியிருந்தால், கருத்துச் சொல்ல அழைத்துவிட்டுப் பிடித்த கருத்தை மட்டும் கேட்பவர்களாகியிருப்போம். அந்த இளைஞர் தம் கவிதையில் அரசியல்வாதிகள் மீது வைத்த குற்றச்சாட்டும் அதுவேதான். ஆகவே அது அப்படியே நிகழ்த்தப்பட்டது. அடுத்த வாரம், அந்தக் கவிதைக்கு மறுப்பாக இருவர் எழுதி வந்திருந்தார்கள். மூன்றாமவர் ஒருவர் அதைவிடக் கடுமையாக அதை ஆதரித்து எழுதியிருந்தார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டோம். முதல் கவிதையை எழுதிய இளைஞர் பிறகு வாக்களித்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சுற்றுப் பயிலரங்குக்கு இருக்கைகளை வரிசைப்படுத்த முதலில் வந்து நின்றவர் அவர்தான்.